பூரணியின் பெயருக்கு வந்த கடிதம்

கல்லுப்பாலம் தோட்டம்,
கீழ்ப்பிரிவு, டயகம.
8.7.2024

அன்புள்ள பூரணி,

உன் கடிதம் புதன்கிழமை கடைக்கார ஃபாஸில் நானாவின் வேனில் பத்திரமாக வந்து சேர்ந்தது. கொழும்பு வெயிலில் கறுத்துப்போனேன் என்று எழுதியிருக்கிறாய். அடியே, போகும்போது மட்டும் நீ என்ன ரோஜாப்பூ நிறத்திலா போனாய்? இங்கே வந்து பார். மூன்று கிழமையாக வெயில் முகமே தெரியாமல் நாங்கள்தான் மழையில் ஊறி வெளுத்துக்கொண்டிருக்கிறோம். அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போட்டால்கூட சட்டை காயவில்லை, புகை மணத்தோடுதான் மலைக்குப் போகிறோம்.

உன் அம்மா சுகம். முழங்கால் வலி மட்டும் மாறவில்லை. தைலம் வாங்கிக் கொடுத்தேன். கோழி ஒன்றைக் கீரி கொண்டுபோய்விட்டது என்று இரண்டு நாள் புலம்பினார். என் மகள் ஷாலு பள்ளிக்கூடத்தில் நடனத்துக்குச் சேர்ந்திருக்கிறாள், வீட்டில் நிற்கிற இடத்திலெல்லாம் குதிக்கிறாள். அவள் அப்பா சுதாகரனுக்குத் தொழிற்சாலையில் பகல் வேலை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

மலையில் கொழுந்து குறைவு. ஆனாலும் இருபது கிலோ இல்லையென்றால் முழுப்பேர் போடமாட்டேன் என்று கங்காணி பிடிவாதமாக நிற்கிறார். முந்தாநாள் பதினேழு கிலோதான், அரைப்பேர் விழுந்தது, பாதிச் சம்பளம்தான். நீ போன பிறகு உன் நிரையில் செல்லசாமியின் மருமகளைப் போட்டிருக்கிறார்கள். பாவம், வாயே திறக்காத பிள்ளை. நீயும் நானும் கொழுந்து எடுத்துக்கொண்டே உடம்பிலுள்ள எலும்புகளின் பெயரை மாறி மாறிச் சொல்லிக்கொண்டு போவோமே, அந்தச் சத்தம் இல்லாமல் மலை எனக்கு நீளமாகத் தெரிகிறது. "கொழுந்த எண்ணுங்கடின்னா எலும்ப எண்ணுறீங்க" என்று கங்காணி கத்துவதும் இல்லை.

பரீட்சைக்கு எழுத்துப் பழக்கம் வேண்டும் என்று தொடங்கிய கடிதப் பழக்கத்தை நீ கைவிடாமல் இருப்பது சந்தோஷம். நீ வேலை செய்கிற வீட்டு அம்மா உன் போனை அலமாரியில் வைத்துப் பூட்டுவதும் இதற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைக்கிற அந்த அரை மணி நேரத்தை உன் அம்மாவுக்கே கொடு.

நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்ததா என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். இன்னும் வரவில்லை. வந்தால் தபால் பை தூக்குகிற செபமாலை அண்ணன், காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டில் பெயர் கூப்பிடாமலா இருப்பார்? மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ பார்த்துக்கொள்கிற அந்தக் கிழவியைத் தூக்கி இறக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள
ஜெயந்தினி

*

கல்லுப்பாலம் தோட்டம்,
கீழ்ப்பிரிவு, டயகம.
5.8.2024, திங்கட்கிழமை

பூரணிக்கு,

இதை நின்றுகொண்டு வாசிக்காதே. அந்த வீட்டு வேலைகளை முடித்துவிட்டு, உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து வாசி. நடுவில் கோபம் வரும். கிழித்தெறிவதென்றால் கடைசி வரிவரை வாசித்துவிட்டுக் கிழி.

முதலில் உனக்கு வேண்டிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வரும் திங்கட்கிழமை, ஆகஸ்ட் பன்னிரண்டாம் திகதி, காலை ஒன்பது மணிக்கு நுவரெலியாவில் உனக்கு மிட்வைஃப் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை. தவறிப்போனது உனக்காகத் திரும்ப வந்திருக்கிறது. அங்குள்ள அலுவலகத்துச் சிங்கள நோனா இரண்டாவது பட்டியலில் உன் பெயரைப் பேனாவால் எழுதியதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வெளிநாட்டு ஏஜென்சியிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டாய், வெள்ளிக்கிழமை மெடிக்கல் என்று உன் அம்மா சொல்லி அழுதார். பூரணி, அந்த மெடிக்கலுக்குப் போகாதே. பாஸ்போட்டைத் திருப்பி வாங்கு. ஒக்டோபரில் உனக்கு முப்பது முடிகிறது. இதை விட்டால் இனி விண்ணப்பமே போட முடியாது.

இனி மற்றது.

தவறிப்போன உன் நேர்முகக் கடிதம் ஆபிசில் கிடக்கவில்லை. செபமாலை அண்ணன் அதைத் தொலைக்கவும் இல்லை. ஜூலை நான்காம் திகதி வியாழக்கிழமை காலை அது என் கைக்கு வந்துவிட்டது. நேர்முகம் பத்தொன்பதாம் திகதி. பதினைந்து நாள் அது என்னிடம்தான் இருந்தது. கடிதம் எதுவும் வரவில்லை என்று எட்டாம் திகதி உனக்கு எழுதினேனே, அப்போது அது என் துணிப்பெட்டியில், ஷாலுவின் சட்டைகளுக்குக் கீழே இருந்தது.

எழுதிவிட்டேன். மீதியையும் எழுதுகிறேன்.

அன்றைக்கு நல்ல மழை. செபமாலை அண்ணன் வழக்கம்போல தபால் பையைக் குடைக்குள் இடுக்கிக்கொண்டு பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கூப்பிட்டார். "பூரணி, நாலாம் லயம்" என்றதும் நான்தான் கையை நீட்டினேன். நம்முடைய லயத்துக் கடிதத்தை யார் வாங்கினால் என்ன, வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கூரை, ஒரே விலாசம்தானே. "சர்க்கார் கடுதாசி தங்கச்சி. நல்ல சேதியாத்தான் இருக்கும், நனையாம கொண்டுபோயி அவ அம்மாகிட்ட குடுங்க" என்று சிரித்துக்கொண்டே தந்தார். எனக்கு இல்லையா என்று கேட்டேன். அவர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். "இன்னைக்கு இல்ல. நாளைக்கு வந்துரும், பாருங்க" என்றார்.

நனையாமல் இருக்கத்தான் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அந்த நேரத்தில் என் மனதில் களவு இல்லை, சத்தியமாக இல்லை. ஆனால் நாள் முழுக்க அந்த உறை நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம், ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் பரீட்சை எழுதினோம், கடிதம் மட்டும் இவளுக்கா என்று ஒரு நினைப்பு. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது உன் அம்மா வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். "என்ன புள்ள, இம்புட்டு நனைஞ்சிருக்க" என்று கேட்டார். ஒன்றும் சொல்லாமல் என் காம்பராவுக்குள் போய்விட்டேன். நாளைக்கு எனக்கும் வரும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் உன் உறையைப் பிரித்தேன். முழுவதும் சிங்களத்தில்தான் இருந்தது. நீயும் நானும் அகரப்பத்தனை பஸ் கண்டக்டர்களிடம் பேசிப் பேசிப் பழகிய சிங்களத்துக்கு அது தாராளமாக விளங்கியது. உன் பெயர், பத்தொன்பதாம் திகதி, கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள். தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வழியே இல்லை. திகதி தெரிந்துதான் திரும்ப ஒட்டினேன்.

பதினைந்தாம் திகதி மனம் பொறுக்காமல் அதை எடுத்துக்கொண்டு ஃபாஸில் நானாவின் கடைக்கு நடந்து போனேன். மறுநாள் விடிய வேன் கொழும்புக்குப் போகிறது, கொடுத்திருந்தால் செவ்வாய் மத்தியானம் உன் கையில் இருந்திருக்கும். நாலு நாள் இருந்தது. "என்ன தங்கச்சி, கடிதமா? தாங்க, நானே டிரைவர்ட குடுக்கிறன்" என்று அவர் கையை நீட்டினார். மாரி பிஸ்கட் பாக்கெட் ஒன்று தாங்க நானா என்றேன். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு கடிதத்தோடு திரும்பி வந்துவிட்டேன். வழியில் மழை. பாலத்தடியில் ஒதுங்கி நின்று அந்த பிஸ்கட் முழுவதையும் நானே தின்றேன். ஏன் தின்றேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நான் ஏன் இப்படி ஆனேன் என்று நீ கேட்பாய். யோசித்துப் பார்த்தேன். மிட்வைஃப் ஆக வேண்டும் என்பது முதலில் உன் ஆசை. உன் அக்காவுக்குக் கொழுந்து லொறியில் வலி கண்டு, பாதி வழியில் பிள்ளை பிறந்து, மூச்சில்லாமல் போனதை நீ பார்த்தாய். "நம்ம பேச்சு தெரிஞ்ச ஒருத்தி லயத்துல இருந்திருந்தா அந்தப் புள்ள பொழைச்சிருக்கும்" என்று நீ சொன்ன அன்றிலிருந்து உனக்கு வேறு நினைப்பே கிடையாது. பகலெல்லாம் மலையில் நின்றுவிட்டு, ஐந்து மணிக்குப் பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் சாவி வாங்கி, தொட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தாய். கணக்கில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை பாஸ் பண்ணினாய். நான் உனக்குத் துணைக்கு வந்தவள். வந்த இடத்தில் அது எனக்கும் பிடித்துப்போனது. பிடித்தது என்று லேசாகச் சொல்கிறேன், அது என்னைத் தின்றது. நீ கொழும்புக்குப் போன பிறகும் நான் அந்தத் தொட்டில்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். கூடை தூக்கிய தோளில் வெள்ளைச் சட்டை போட்டுப் பார்க்க வேண்டும் என்று உனக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு எனக்கும். அதை உன்னிடம் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உன் கனவுக்குள் பங்கு கேட்கிறேன் என்று நினைப்பாயோ என்று பயம்.

இது சமாதானம் இல்லை. நீ கேட்டால் சொல்ல ஒரு பதில், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். இருபத்தோராம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நம்மோடு பரீட்சை எழுதிய அகரப்பத்தனைப் பிள்ளை உனக்குப் போன் பண்ணி, நேர்முகத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாளாம். நீ உன் அம்மாவுக்குப் போன் பண்ணி அலறியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. உனக்குத் தெரியாத பாதி மறுநாள் பெரட்டில் நடந்தது. உன் அம்மாவும் லயத்துப் பெண்கள் பத்துப் பேரும் செபமாலை அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஒரு பொம்பளப் புள்ளையோட வாழ்க்கையத் தொலைச்சுப்புட்டியே" என்று கத்தினார்கள். அவர் தடுமாறிப்போய், "மாதா மேல சத்தியமா வந்துச்சு. நான் குடுத்தேன். இந்தத் தங்கச்சி கையிலதான் குடுத்த ஞாபகம்" என்று என்னைக் காட்டினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "எனக்கு ஒண்ணும் தரலியே அண்ணே."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, பூரணி. "அப்ப எனக்குத்தான் மறந்திருக்கும். வயசாகுதுல்ல" என்றார். முப்பத்தொரு வருஷம் அந்தப் பையைத் தூக்கியவர், தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டு குனிந்து நின்றார். அன்றே ஆபிசில் பையை வாங்கிக்கொண்டு அவரைக் கான் வெட்ட, தண்ணீர் வடிகிற வாய்க்கால் வெட்ட, அனுப்பிவிட்டார்கள். மழையில் இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டினார். தினமும் நான் அந்த வழியாகத்தான் மலைக்குப் போனேன்.

இருபத்தைந்தாம் திகதி எனக்குக் கடிதம் வந்தது. இரண்டாவது தொகுதி, ஆகஸ்ட் பன்னிரண்டு. சுதாகரன் ஓடிப்போய்க் கோழி வாங்கி வந்து தன் கையாலேயே சமைத்தார். ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஷாலு தூங்கட்டும் என்று காத்திருந்து அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் தட்டை எடுத்து மூடி வைத்தார். பிறகு, "நீ செஞ்சது பெரிய பாவம். ஆனா இப்ப வாயத் தொறந்தா உன்னுதும் போயிரும். மூணு வருஷமா புள்ளயத் தூக்கிக்கிட்டு நான் சோறாக்குனதுக்கு என்ன அர்த்தம்? ரெண்டு பேரும் போற மாதிரி ஒரு வழி இருக்கான்னு பாரு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் என்னோடு சேர்ந்து கனவு கண்ட மனிதர்தான்.

வழி இருந்தது, அதுவும் சுலபமான வழி. ஆபிசில் பெரிய கிளாக்கரிடம் போய், பூரணிக்கு இன்னொரு நாள் கேட்டுப் பார்க்கலாமா ஐயா என்றேன். "அதுக்கென்ன, செபமாலையோட கவனக்குறைவுல கடிதம் கிடைக்கலன்னு எழுதித் தர்றேன். கொண்டு போங்க. பிள்ளைக்குப் பாவம்ல" என்றார். மின்சாரம் இல்லாததால் கொம்பியூட்டரில் அடிக்க முடியவில்லை. தமிழிலேயே கையால் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த ஒரு தாளைக் கொடுத்தால் உன் வேலையும் முடியும், என் இடமும் போகாது. செபமாலை அண்ணனுக்கு மட்டும் அது எழுத்திலேயே பதிந்துவிடும். அவர் ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே அந்தத் தாளை வாங்கிப் பையில் வைத்தேன். உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன், அதனால் இதையும் எழுதுகிறேன்.

முப்பத்தோராம் திகதி வேலைக்கு லீவு போட்டுவிட்டு நுவரெலியா போனேன். அந்த நோனா நல்லவர். நாற்காலியில் உட்காரச் சொன்னார். கிளாக்கரின் கடிதத்தை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, இதில் இருப்பதை நீயே சிங்களத்தில் சொல்லு மகள் என்றார். 'துவ' என்றுதான் கூப்பிட்டார்.

நான் எழுந்து நின்றேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன். திகதியைச் சொன்னேன். அடுத்த வரி செபமாலை. எழுதியவர் கிளாக்கர், கொடுப்பவள் மட்டும்தான் நான் என்று அதுவரை ஒரு சாக்கு இருந்தது. இப்போது அந்தப் பொய்யை என் வாயால், அதுவும் உன்னோடு சேர்ந்து பழகிய சிங்களத்தில், நானே உண்டாக்கிச் சொல்ல வேண்டும். வார்த்தைகள் எல்லாம் தெரியும். நாக்கு புரளவில்லை. நோனா தலையை நிமிர்த்தி, பிறகு யாருடைய தவறு என்று கேட்டார். தாளை மடித்துவிட்டு "மமய் நோனா" என்றேன். நான்தான்.

அவர் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளைத் தந்து நடந்ததை எழுதச் சொன்னார். தமிழிலேயே எழுது, மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீயும் ஒரு விண்ணப்பதாரியா என்று கேட்டார். ஆமாம் என்று என் நேர்முகக் கடிதத்தையும் எடுத்து மேசையில் வைத்தேன். அவர் நான் எழுதிய தாளையும் அந்தக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு உன் பெயரைப் பட்டியலில் எழுதி, உனக்கான புதிய அறிவிப்பை முத்திரை குத்தித் தந்தார். என் கடிதத்தைக் கோப்புக்குள் வைத்துவிட்டு, நீ பன்னிரண்டாம் திகதி வர வேண்டாம், விசாரித்துவிட்டு எழுத்தில் அறிவிப்போம் என்றார். அது என்ன அறிவிப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பஸ் டயகம வந்து சேரும்வரை அழுதேன். உனக்காக அழுதேன் என்று எழுத ஆசைதான். எனக்காகத்தான் அழுதேன்.

மறுநாள் செபமாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். கால் இரண்டிலும் சேற்றுப்புண், மருந்து போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "என்கிட்ட ஏன் சொல்றீங்க? எந்த எடத்துல என்னைப் பொய்யனாக்குனீங்களோ அங்க சொல்லுங்க" என்றார். சனிக்கிழமை காலை பெரட்டில், கங்காணி வேலை பிரிப்பதற்கு முன்னால், எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் நிரைக்குப் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை இப்போது. செபமாலை அண்ணனுக்கு இன்றைக்குப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்னோடு பேச்சு இல்லை.

உன் அம்மா அன்றைக்குக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். முழங்கால் தைலப் போத்தலை என் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் பண்ணினாலும் நீ எடுப்பதில்லை. நேற்று அம்மா சொல்லியும், எனக்கு ஆறுதலுக்குச் சொல்கிறீங்க என்று வைத்துவிட்டாயாம். அதனால்தான் இந்தக் கடிதம். நேர்முகத்துக்கான புதிய அறிவிப்பையும் இதோடு வைத்திருக்கிறேன். முத்திரையைப் பார். நம்புவாய்.

ஃபாஸில் நானாவிடம் எல்லாம் பேசியாயிற்று. நாளை மத்தியானம் டிரைவர் இதை உன் கையில் கொடுப்பார். அடுத்த நாள் காலை வேன் திரும்புகிறது, முன் சீட்டை உனக்கு வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டு அம்மாவிடம் எப்படிச் சொல்வாயோ, சொல்லிவிட்டுக் கிளம்பு. சான்றிதழ்கள் உன் அம்மாவின் தகரப்பெட்டியில் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழின் அசலைக் கேட்பார்கள். நீ வரும்போது நான் வேன் நிற்கிற பஸ் ஹோல்டில் நிற்க மாட்டேன். உன் கண்ணில் படாமல் இருக்க ஷாலுவைக் கூட்டிக்கொண்டு கொட்டகலைக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

இனி நான் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் தடவை ஏன் வரவில்லை என்று நேர்முகத்தில் உன்னிடம் கேட்பார்கள். நான் எழுதிக் கொடுத்ததோடு உன் பதிலும் ஒத்துப்போக வேண்டும், மாறினால் உன் பெயரையும் வெட்டிவிடுவோம் என்று நோனா கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு உன்னைத் தெரியும். நான் முற்றல் கொழுந்தைக் கூடையில் போட்டு மாட்டிக்கொண்ட அன்றைக்கு, என்னுடையதுதான் என்று நீ கையைத் தூக்கி அரைப்பேர் வாங்கியவள். அந்த நாற்காலிக்கு முன்னால் போய் நின்றதும் உன் கோபமெல்லாம் இறங்கிவிடும். காய்ச்சல் என்று சொல்வாய். கடிதம் மழையில் நனைந்தது என்று சொல்வாய். ஒருவேளை இவளுக்கும் ஏதாவது வழி பிறக்காதா என்று யோசிப்பாய். யோசிக்காதே. அந்த அறையில் எனக்காக ஒரு பொய்கூடச் சொல்லிவிடாதே.

நம் லயத்தில் இனிப் பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் உன் கையில் அழுதுகொண்டு பிறக்கட்டும். நீ நல்லா இருப்பாய். அவர்கள் கேட்கும்போது நிமிர்ந்து நின்று என் பெயரைச் சொல். எந்தத் தோட்டம், எந்த லயம் என்பதையும் சேர்த்துச் சொல்.

ஜெயந்தினி,
நாலாம் லயம்,
கல்லுப்பாலம் தோட்டம்.